நெல் மூட்டையின் உயரம்

பிசியோதெரபிஸ்ட் அஃப்சருன்னிசா கோணமானியை முழங்காலின் பக்கவாட்டில் வைக்கும்போதெல்லாம் ராஜகோபாலன் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்வார். எஃகு குளிர்ந்துதான் இருக்கும். ஆனால் அந்தக் குளிர்ச்சி தோலோடு நின்றுவிடாது.

இரண்டு கைகள் கொண்ட கருவி அது. ஒரு கை தொடையின் திசையில், இன்னொன்று கணுக்காலைப் பார்த்து. இரண்டும் சேருமிடத்தில் பாகைகள் செதுக்கிய ஒரு வட்டம். உயரமான மேஜையின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து மேஜைக்கு அடியில் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு குணம்.

"மடக்குங்க சார். இன்னும். மூச்சைப் பிடிக்காதீங்க, விட்டுட்டு மடக்குங்க."

மடக்கினார். முழங்காலின் மேல் நீளவாக்கில் ஓடிய தழும்பு வெளுத்து இறுகியது. உள்ளே, சீமையிலிருந்து கப்பலில் வந்த உலோகமும் பிளாஸ்டிக்கும் அவருடையதல்லாத ஒரு பிடிவாதத்தோடு நின்றன.

"எண்பத்தாறு," என்றாள் அஃப்சருன்னிசா. "போன வாரத்துக்குப் பரவாயில்ல. ஏன் சார் முகத்தை இப்படி வெச்சிருக்கீங்க? நான் என்ன மார்க்கா குறைச்சேன்?"

அடுத்த மேஜையில் காலில் மணல் பை கட்டிக்கொண்டு படுத்திருந்த வெள்ளைத்துரை சிரித்தார். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மேல் தட்டிலிருந்து புடவைக் கட்டை இறக்க ஏணியில் ஏறி, கட்டோடு சேர்ந்து தானும் இறங்கித் தொடையெலும்பை முறித்துக்கொண்டவர்.

"சார்வாள் தொண்ணூறு வந்தாத்தான் மூஞ்சிய அவுப்பாக. நமக்கு முப்பத்தஞ்சு போதும் தாயீ, பாஸ் மார்க்கு."

"முப்பத்தஞ்சோட போனீங்கன்னா கடையில நின்னுக்கிட்டேதான் வியாபாரம் பண்ணணும், அண்ணாச்சி."

"அதான கொடுமை. எங்க கடையில மெத்தை விரிச்சு உக்காந்துதான் சேலை காட்டுறது. வாறவுகளும் தரையில, நாங்களும் தரையில. நான் ஒருத்தன் மட்டும் நாற்காலியில உக்காந்தேம்னு வைங்க, கடைக்குச் சீல் வைக்க வந்த ஆபீசருன்னு நெனச்சு பொம்பளையாளு எந்திரிச்சுப் போயிருவாக."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராஜகோபாலனும் உதட்டை அசைத்தார். அவர் மனம் எண்பத்தாறில் நின்றுவிட்டது. அதில் நான்கு பாகை அவருடையதல்ல என்று அந்த அறையில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

தொடை மேஜையோடு படிந்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் கருவியின் முதல் கை மேஜைக்கு இணையாகப் பிடிக்கப்படுகிறது. இடுப்பை ஒரு விரல் உயரம் தூக்கினால் தொடை சாய்ந்துவிடும். பாதம் தானே இன்னும் கொஞ்சம் பின்னால் போகும். முழங்கால் மடங்கியிருக்காது, எண் மட்டும் ஏறியிருக்கும். இரண்டாவது வாரமே இது அவருக்குப் புலப்பட்டுவிட்டது. கல்லூரியில் பௌதிகச் செய்முறைக் கூடத்தை முப்பது வருஷம் கட்டி மேய்த்தவருக்கு ஒரு கருவி எங்கே ஏமாறும் என்று பார்க்கத் தெரியாதா? அவரிடம் படித்த பையன்கள் ரீடிங்கை இட்டுக்கட்டி எழுதிக்கொண்டு வந்தால், "இது உங்காத்து அடுப்புல வெந்ததாடா?" என்று கேட்டு, பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்துத் திருப்பித் தருவார். யாரையும் மன்னித்ததாக நினைவில்லை.

இப்போது அறுபதை நெருங்கும் வயதில், வாரா வாரம் இடுப்பைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

காரணம், மகள் நீரஜா.

பத்து வருஷத்துக்கு மேலாகவே வலது முழங்கால் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வந்தது. கோவிலில் ஒரு தீபாராதனை முடியும்வரை நிற்க முடியாது. எந்த வீட்டுக்குப் போனாலும் கண் முதலில் நாற்காலியைத் தேடும். அந்தத் தேடலே ஒரு பிறவிக் குணம் போல ஆகிவிட்டிருந்தது. ஓய்வுபெற்றபின் வீட்டை விட்டு வெளியே போவதையே நிறுத்திக்கொண்டார். பேச்சும் குறைந்தது. நீரஜாவுக்கு இடம் தேடி அலைய அவரால் ஆகவில்லை. அலையாததால் அவளுக்கு இருபத்தாறு ஆயிற்று என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக அடையாற்றில் ஒரு நல்ல இடம் தகைந்தது. தை மாதம் முகூர்த்தம் என்று நிச்சயமான மறுநாளே அவர் தம்பி அம்பியைக் கூட்டிக்கொண்டு டாக்டர் தனபாலனிடம் போனார். இங்கிலாந்தில் முழங்கால் மாற்றும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்து, அடையாற்றில் சின்னதாக ஒரு நர்ஸிங் ஹோம் தொடங்கியிருந்தவர்.

ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லுமுன் ராஜகோபாலன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எம் பொண்ணு மடியில உக்காந்தா தாங்குமா, டாக்டர்?"

"தாராளமா. குழந்தைக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

டாக்டர் தனபாலன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அம்பியைப் பார்த்தார். அம்பிதான் விளக்கினான். எங்களவர்கள் கல்யாணத்தில் பெண்ணின் அப்பா நெல் மூட்டை மேல் உட்கார்ந்துகொள்வார், பெண் அவர் மடியில் உட்காருவாள், அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் மாப்பிள்ளை தாலி கட்டுவான் என்று. டாக்டர் சிரிக்கவில்லை.

"இதை யாரும் எந்தப் புஸ்தகத்துலயும் அளந்து வைக்கலை. முதல்ல தொண்ணூறு டிகிரி வரட்டும். நாற்காலியில உக்காந்து எழுந்திருக்க அது வேணும். அதுக்கப்புறம் பேசலாம்."

டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். ராஜகோபாலன் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். தொண்ணூறு என்ற எண்ணுக்கு அந்தப் பக்கம் மகள் உட்கார்ந்திருப்பதாக ஒரு சித்திரம் அவருக்குள் ஊன்றிப்போயிற்று.

கார்த்திகை மழையில் மயிலாப்பூர் வீட்டின் கூடம் ஈரம் குடித்துக் கிடந்தது. மாட வீதியிலிருந்து குடும்பப் புரோகிதரான வாத்தியார் வந்து உட்கார்ந்து கல்யாணச் சாமான்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆதம்பாக்கத்திலிருந்து அம்பி வந்திருந்தான். ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருப்பவன். இரும்பைத் தூக்கித் தூக்கித் தொடையும் தோளும் உரலும் உலக்கையுமாக இருப்பான்.

"அண்ணா, கோச்சுக்காதே. சம்பந்தியாத்துல ஜாடையாக் கேட்டா, 'பொண்ணோட அப்பா உக்காருவாரோன்னோ?'ன்னு. 'ஏன் உக்காராம? இங்கிலீஷ் முட்டின்னா போட்டுண்டிருக்கார், நம்ம முட்டியெல்லாம் கிட்ட நிக்க முடியுமா'ன்னேன். சரிதானே?"

ராஜகோபாலன் வாத்தியாரைப் பார்த்து, "மூட்டை எத்தனை உசரம் இருக்கணும்?" என்றார்.

"உசரமா? நெல்லு மேல உக்காரணும், அவ்வளவுதான். ஒரு மூட்டையோ ரெண்டு மூட்டையோ, உம்ம சௌகரியம். அடுக்கிப் போட்டா நாற்காலி மாதிரியே ஆயிடுமே."

அவர் முகம் தெளிந்ததை மனைவி சூடாமணி பார்த்தாள். பார்த்துவிட்டு, கையிலிருந்த காபி டம்ளர்களைத் தரையில் வைத்தபடியே கேட்டாள்: "ஒருவேளை இவரால முடியலேன்னா?"

"அம்பி உக்காரலாம், தோஷமில்லை. ஆனா தானம் பண்றவா மடியிலதான் பொண்ணு உக்காரணும். அம்பி உக்காந்தா தாரை வாக்கிறதும் அவன் ஆத்துக்காரிதான்."

சூடாமணி உள்ளே போனாள். அவள் போன திசையையே ராஜகோபாலன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தாம் தோற்றால் தோற்பது தாம் மட்டுமல்ல என்பது அதுவரை அவருக்குத் தோன்றவில்லை. பெற்றவள் கையிலிருந்து செம்பு நழுவி ஓரகத்தி காமாக்ஷி கைக்குப் போகும்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது நீரஜா இலை போட்டுக்கொள்ளவில்லை.

"இன்னிக்கும் விரதமா?" என்றார்.

"சோமவாரம்பா."

"வெள்ளிக்கிழமை?"

"அது அம்பாளுக்கு."

"நன்னாயிருக்கு போ. வியாழக்கிழமை குருவுக்கு, சனிக்கிழமை பெருமாளுக்கு," என்றாள் சூடாமணி சாதம் பரிமாறிக்கொண்டே. குரலில் குறையைவிடப் பெருமைதான் அதிகம். "தையக்காரர் நூர் முஹம்மது ரவிக்கையைத் திருப்பி வாங்கிண்டு போயிட்டார். 'அளவு எடுத்ததுல எனக்குத்தான் எங்கேயோ பிசகிடுச்சு மாமி, தொளதொளன்னு நிக்குது'ன்னு வருத்தப்பட்டார். கல்யாணப் பொண்ணு இளைக்கத்தான் இளைப்பா. நான்கூட அப்படித்தான் இளைச்சேன்."

நீரஜா தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். நல்ல கணவன் அமைந்ததற்கு நன்றியாக விரதம் இருக்கிறாள் என்று அந்த வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். ராஜகோபாலனும் அப்படித்தான் நினைத்தார். வேறு எப்படி நினைப்பது? விரதம் இருக்கிற பெண்ணை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

மார்கழி பிறந்தது. அந்த வாரம் அவர் இடுப்பை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கினார். கோணமானியின் முள் தொண்ணூறைத் தொடுவதைத் தாமே குனிந்து பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் வாயிலிருந்து அந்த எண் வரக் காத்திருந்தார்.

அஃப்சருன்னிசா எண்ணைச் சொல்லவில்லை. இடது கையை அவர் இடுப்பின் மேல் வைத்தாள். அழுத்தவில்லை, காய்ச்சல் பார்ப்பதுபோல் வைத்தாள். பிறகு உள்ளங்கையை மெதுவாகக் கீழே இறக்கினாள். அவர் உடம்பு அந்தக் கையோடு கூடவே இறங்கி மேஜையில் படிந்தது. முள்ளும் இறங்கியது.

"எண்பத்திரண்டு," என்றாள் சன்னமாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே அரச மரத்திலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. தாம் குறுக்கே அடித்துக் கொடுத்த எத்தனையோ பக்கங்களில் ஏதோ ஒரு பையனுக்கும் வீட்டில் இப்படி ஏதாவது இருந்திருக்கும்.

"எல்லாரும் பண்றதுதான் சார். தூக்கணும்னு தூக்க மாட்டாங்க, அதுவா தூக்கிடும்."

"நான் தெரிஞ்சுதான் தூக்கினேன்."

அவள் கருவியை மடக்கி மேஜைமேல் வைத்தாள். "தொண்ணூறை வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

சொன்னார். டாக்டரிடம் சொன்னதைவிட இவளிடம் சொல்வது கடினமாக இருந்தது. வெள்ளைத்துரை மணல் பையை மறந்து தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப ஏன் எண்ணைக் கட்டிக்கிட்டு அழறோம்?" என்றாள் அஃப்சருன்னிசா. "மடியில உக்கார வெக்கணும்னா மடியில உக்கார வெச்சுத்தானே பாக்கணும். பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

அடுத்த முறை நீரஜா வந்தாள். வெளிர்ப்பச்சை வாயில் புடவை, தோளில் குடை. இத்தனை ஆண்கள் கால் நீட்டிப் படுத்திருக்கும் அறைக்குள் வந்ததில் அவளுக்குக் கூச்சம். பொன்னுரங்கம் சமையலறையிலிருந்து இரண்டு மூட்டைகளைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தான். நோயாளிகளைத் தள்ளித் தள்ளியே தலை நரைத்த ஆஸ்பத்திரி ஆள்.

"சார், நெல்லு கேட்டியாமே, நம்ம கிச்சன்ல அரிசி தான் கீது. பரவால்லியா? மந்திரமா சொல்லப் போறே, சும்மா ட்ரையல் தானே!"

மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத் தட்டிச் சமன் செய்தான். டாக்டர் தனபாலன் கைகளைக் கட்டிக்கொண்டு கதவருகில் நின்றார். ராஜகோபாலன் சுவர்க் கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கி உட்கார்ந்தார். அரிசி அவருக்கு அடியில் நகர்ந்து இடம் கொடுத்தது. முழங்கால் மடங்கியது, இறுக்கம் இருந்தது, தாங்கக்கூடிய இறுக்கம்.

"வாம்மா," என்றாள் அஃப்சருன்னிசா.

நீரஜா குடையை வைத்துவிட்டு வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நின்று, புடவையை ஒதுக்கிக்கொண்டு, அவர் மடியில் உட்கார்ந்தாள்.

டாக்டர் குனிந்து அந்த முழங்காலைப் பார்த்தார். "வலி?"

"இல்லை," என்றார் ராஜகோபாலன்.

"கொஞ்சம்கூட?"

"இல்லை."

"ஷபாஷ்!" என்றார் வெள்ளைத்துரை. "சார்வாள், நம்ம கடைக்கே வாங்க. கூறைப்புடவை நான் எடுத்து வைக்கேன். மடி ரெடியாயிருச்சுல்லா!"

டாக்டர் தலையசைத்துக்கொண்டே நிமிர்ந்தார். பொன்னுரங்கம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ராஜகோபாலன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஏதோ சரியாக இல்லை.

எடை இல்லை.

புடவையின் உரசல் இருந்தது. கூந்தலில் சீயக்காய் வாசனை இருந்தது. தொடைமேல் ஒரு மெல்லிய சூடு இருந்தது. எடை மட்டும் இல்லை. முப்பது வருஷம் தராசுகளோடு வாழ்ந்தவர். தட்டில் வைத்தபின்னும் முள் அசையாமல் நின்றால் பொருள் தட்டில் இல்லை, வேறெங்கோ தாங்கப்படுகிறது என்று அறிந்தவர். மெதுவாகத் தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தார்.

நீரஜாவின் குதிகால்கள் தரையைத் தொடவில்லை. பத்து விரல்களின் நுனியில் நின்றுகொண்டிருந்தாள். விரல்கள் ரத்தம் வற்றி வெளுத்திருந்தன. புடவைக் கரைக்குக் கீழே கணுக்கால் நரம்பு நடுங்கியது. பார்ப்பவர்களுக்கு அவள் உட்கார்ந்திருந்தாள். உண்மையில் அவர் மடிக்கு ஒரு நூலளவு மேலே, ஆதாரமில்லாமல், தன் உடம்பைத் தானே தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

இது ஒரே நாளில் வருவதில்லை. சமையலறையில் மூடிய கதவுக்குப் பின்னால் முக்காலி நகரும் சத்தம் பல நாள் கேட்டது அவர் நினைவுக்கு வந்தது. பிறகு இலை போடாத இரவுகள் நினைவுக்கு வந்தன. திங்கள், வியாழன், வெள்ளி, சனி. தொளதொளவென்று நின்ற ரவிக்கை. நூர் முஹம்மதின் அளவில் ஒரு பிசகும் இல்லை.

"நீரஜா. உக்காரு."

"உக்காந்துண்டுதானேப்பா இருக்கேன்."

"இல்லை."

அவள் முதுகு விறைத்தது. அஃப்சருன்னிசா அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்தது. டாக்டரைப் பார்த்து, இல்லை என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம்ப்பா. இப்படியே எனக்கு முடியும். ஆத்துல பண்ணிப் பாத்துட்டேன். தாலி கட்டி முடியற மட்டும் முடியும்."

"குதிகாலைக் கீழே வை."

"அப்பா, தையல் விட்டுண்டுடும்..."

"வைம்மா."

அவள் வைத்தாள். முதலில் ஒன்று, பிறகு மற்றது. அவள் எடை அவர்மேல் இறங்கியது. இளைத்த பிறகும் ஒரு முழு மனுஷியின் எடை. முழங்காலுக்குள் உலோகம் இருக்கும் இடத்தைச் சுற்றிலும் ஒரு நெருப்பு வளையம் மூண்டு, தொடைவரை ஏறியது. அடியில் அரிசி மூட்டை ஒரு பக்கமாகச் சரிந்தது. அவர் கால் அதைப் பின்தொடர்ந்து நழுவப் பார்த்தது. இழுத்து நிறுத்த அந்தக் காலில் இன்னும் வலு சேரவில்லை. கம்பியைப் பிடித்த கையின் விரல் கணுக்கள் வெளுத்தன. அவள் தலை அவர் தாடைக்குக் கீழே இருந்தது. அவள் மூச்சு விடுவது அவர் நெஞ்சில் தெரிந்தது. பாவாடை கட்டிய நாட்களுக்குப் பிறகு இவளைத் தாம் தூக்கியதே இல்லை, முட்டி விடவில்லை. இவ்வளவு கனமா இவள்? இவ்வளவு கனத்தையும் மறைத்துக்கொண்டா இந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தாள்? வலியின் நடுவே, அது போகக்கூடாது என்றும் ஒரு ஆசை அவருக்கு இருந்தது.

"சார்," என்றாள் அஃப்சருன்னிசா.

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்."

இருந்தது. பிறகு அவர் நெற்றி வியர்வை சொட்டி நீரஜாவின் தோளில் விழுந்தது. அவள் துள்ளி எழுந்துவிட்டாள். பொன்னுரங்கமும் அஃப்சருன்னிசாவும் ஆளுக்கொரு பக்கமாக அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். வெள்ளைத்துரை மணல் பை கட்டிய தம் காலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

டாக்டர் தனபாலன் முழங்காலைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்றார். இன்னும் ஆறேழு மாதம் போனால் ஒருவேளை முடியலாம், தைக்குள் தம்மால் உறுதி சொல்ல முடியாது என்றார். ஒளிக்காமல் சொன்னதற்கு ராஜகோபாலன் கை கூப்பினார்.

"இன்னிக்கு அளவு என்னன்னு எழுதட்டும்?" என்றாள் அஃப்சருன்னிசா.

"எண்பத்திரண்டு. இடுப்பைத் தூக்காம."

வெளியே மழை விட்டிருந்தது. வாடகைக் கார் அடையாற்றுப் பாலத்தில் ஏறியபோது ஆறு செம்மண் நிறத்தில் கரைபுரண்டு கிடந்தது. அவள் மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் அவள் கன்னத்தெலும்பு தெரிந்தது. முகூர்த்த நாளை அவர் நினைத்துப் பார்த்தார். ஹோமப் புகை, கூட்டம், நாதஸ்வரம். அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வரும் அந்த நேரத்தில் தாலி கழுத்தில் ஏறுவது அவளுக்குத் தெரியாது. விரல் நுனிகள் மட்டும்தான் தெரியும். அப்பாவின் முட்டி மட்டும்தான் தெரியும்.

கார் லஸ் முனையில் திரும்பும்போது சொன்னார். "அம்பி மடியில உக்காந்துக்கோ."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்குவதை அவர் பார்த்தார். தேற்றவில்லை.

"இன்னிக்கு என்ன விரதம்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணுமில்லை," என்றாள் அவள், அழுகையோடு.

சூடாமணியிடம் சொல்வதுதான் பாக்கி இருந்தது. கூடத்தில் மணைக்குக் கோலம் எழுதிக்கொண்டிருந்தவள், அவர் சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த வண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. முக்காலியைப் பற்றிச் சொன்னபோது கை நின்றது. விரதங்களைப் பற்றிச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டாள். "நான் ஊரெல்லாம் பெருமையடிச்சுண்டேன்," என்றாள்.

அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"எனக்கும் சேத்து நீங்களே முடிவு பண்ணிட்டேள், இல்லையா?"

"ஆமாம்."

கோலம் ஈரமாகப் பளபளத்தது. தெருவில் பால்காரரின் சைக்கிள் மணி கேட்டு ஓய்ந்தது.

"காமாக்ஷி தாரை வாக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லலை," என்றாள் சூடாமணி கடைசியில். "ஆனா ஒண்ணு. அந்த நேரத்துல நீங்க மூலையில நாற்காலியைத் தேடிண்டு போகப்படாது. எம் பக்கத்துல நிக்கணும். முடியற மட்டும் இல்லை, முடிச்சு விழற மட்டும்."

தையில் மயிலாப்பூரிலேயே கல்யாணம் நடந்தது. அம்பிக்கு ஒரு மூட்டை போதுமாக இருந்தது. புது வேஷ்டியைத் தொடையில் சுருட்டிக்கொண்டு நெல்லின் மேல் அழுத்தி உட்கார்ந்தான். பக்கத்தில் செம்போடு காமாக்ஷி நின்றாள். தண்ணீர் வார்க்குமுன் ஒரு தடவை சூடாமணியைத் திரும்பிப் பார்த்தாள். சூடாமணி தலையசைத்தாள்.

ராஜகோபாலன் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றார். காலை ஊஞ்சல் சடங்கிலிருந்து நிற்கிறார். யாரோ இழுத்துப்போட்ட நாற்காலி பின்னால் காலியாகக் கிடந்தது. புது முழங்கால் உள்ளே முணுமுணுத்தது, ஆனால் தாங்கியது. இத்தனை நேரம் தாம் நின்று எத்தனை காலமாயிற்று என்று அவருக்கே நினைவில்லை. அவர் தோளோடு சூடாமணியின் தோள் ஒட்டியிருந்தது.

நீரஜா கூறைப்புடவையின் மடிப்பை ஒதுக்கிக்கொண்டு சித்தப்பாவின் மடியில் உட்கார்ந்தாள். ராஜகோபாலன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாதங்களைப் பார்த்தார்.

மருதாணியிட்ட குதிகால்கள் இரண்டும் தரையிலிருந்து எழும்பியிருந்தன. பழகிப்போன கால்கள்.

வாத்தியார் கையை உயர்த்தினார். நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்தார். நீரஜா தலை நிமிர்ந்து கூட்டத்தில் எதையோ தேடினாள். அப்பாவின் கண்ணைக் கண்டதும் தேடல் நின்றது. ராஜகோபாலன் வலது கையை முன்னால் நீட்டினார். உள்ளங்கையைத் தரையைப் பார்த்து விரித்து, மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறக்கினார்.

கெட்டிமேளம் வெடித்தது. அட்சதை பறந்தது. அம்பியின் முகம் சட்டென்று மாறியது. "அம்மாடி!" என்று அவன் வாய் அசைந்தது; சத்தம் யார் காதிலும் விழவில்லை.

ராஜகோபாலன் குனிந்த தலை நிமிராமல், தரையில் முழுசாகப் படிந்திருந்த அந்த இரண்டு குதிகால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.